வேற்றுலகத்திலும் வந்தவனே மீட்பனா?

அறிவியற் புனைகதை என்பது வினாவிலிருந்து பிறக்கும் கலை. "இப்படியொரு நிலை வாய்த்தால் மாந்தன் என்ன ஆவான்?" என்று ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நொடியிலேயே அதற்கு வித்து ஊன்றப்படுகின்றது. அவ்வினாவுக்கு விடை முன்னரே தெரிந்திருக்குமாயின், வினாவை எழுப்பவேண்டிய தேவையே இல்லை. ஆதலின், காதற்கதையிலோ நகைச்சுவைக் கதையிலோ பொறுத்துக்கொள்ளத்தக்க ஒரு குறை, அறிவியற் புனைவில் பொறுக்கலாகாத குறையாகிவிடுகின்றது. அடுத்து நிகழப்போவது இன்னதென்று காண்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதே அக்குறை.

2009ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த 'அவதார்' எனும் அமெரிக்க ஆங்கிலத் திரைப்படம் இதற்குப் பெருஞ்சான்று. சேம்சு கேமரூன் எழுதி இயக்கிய அப்படம், உலகெங்கும் ஏறத்தாழ 290 கோடித் தாலர் வருவாய் ஈட்டியது. 2010இல் ஒன்பது ஆசுக்கர் விருதுகளுக்கு முன்மொழியப்பெற்று, ஒளிப்பதிவு, கலையாக்கம், காட்சி நுட்பம் ஆகிய மூன்றுக்கும் விருது பெற்றது. கதை எழுத்துக்கு அது முன்மொழியப்படவும் இல்லை. அறிந்தோ அறியாமலோ, விருதுக்குழுவினர் அப்படத்தின் நிறையையும் குறையையும் ஒருங்கே துலைக்கோலில் நிறுத்திக் காட்டிவிட்டனர்.

கண்ணுக்கு அப்படம் வைத்த விருந்தில் குறையொன்றும் இல்லை. ஏறத்தாழ 4.4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்பா செண்டாரி விண்மீன் தொகுதியில், பெருங்கோள் ஒன்றைச் சுற்றிவரும் 'பாண்டோரா' என்னும் நிலா. இரவில் ஒளிரும் காடு. வானில் மிதக்கும் மலை. நீலமேனியும் நெடிய உருவமும் வாலும் கொண்ட 'நாவி' என்னும் மக்கள். கேமரூன் இக்கதையின் சுருக்கத்தை 1990களின் நடுவிலேயே எழுதி வைத்துவிட்டு, தாம் கண்ட உலகைத் திரையில் காட்டவல்ல கருவிகள் வளரும்வரை காத்திருந்தார். அக்காத்திருப்பில் கருவிகள் வளர்ந்தன; கதை வளரவில்லை.

கதையின் போக்கைக் காண்க. காலம் கி.பி. 2154. நிலவுலகத்தார் அரிய கனிமம் ஒன்றைத் தோண்டுவதற்காக அந்நிலாவில் வந்து பாளையம் இறங்கியுள்ளனர். அக்கனிமம் மிகுதியாகக் கிடப்பதோ நாவியர் குடியிருக்கும் பெருமரத்தின் அடியில். கால்கள் செயலிழந்த முன்னாட் படைமறவனாகிய சேக்கு சல்லி, இறந்துபோன தன் இரட்டை உடன்பிறப்பின் இடத்திற்கு அங்கு வருகின்றான். நாவியர் உடல்போல் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பெற்ற ஓருடலைத் தன் நினைவால் தொலைவிலிருந்தே இயக்கி, அம்மக்களிடையே ஒற்றனாக நுழைகின்றான்.

இவ்வளவும் கேட்டவுடனேயே எஞ்சியதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அவன் குடித்தலைவன் மகளைக் காதலிப்பான், அவர்தம் வாழ்வைக் கற்பான், தன்னவரை வெறுப்பான், ஒற்றன் என்பது வெளிப்பட்டுத் தள்ளப்படுவான், பிறகு எவராலும் இயலாத அருஞ்செயல் ஒன்றைச் செய்து திரும்பி வந்து, அம்மக்களுக்குத் தலைமை தாங்கித் தன்னவரை முறியடிப்பான். அவ்வளவும் அவ்வரிசையிலேயே நிகழ்கின்றன. இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் படத்தில், முதல் அரைமணிக்குப் பிறகு கண்ணுக்கு வேலை இருக்கின்றது. கருத்துக்கு வேலை இல்லை. அறிவுப் பசியோடு சென்று அமர்ந்தவன் பசியோடே எழுகின்றான்.

நல்ல வினாக்கள் அப்படத்துள்ளேயே கிடந்தன என்பதுதான் ஏமாற்றத்தை மிகுவிக்கின்றது. ஓருயிர் ஈருடலில் மாறிமாறி வாழுமாயின், அதன் உறவும் நினைவும் மொழியும் எவ்வுடலுக்கு உரியன? காட்டின் வேர்கள் யாவும் ஒன்றோடொன்று பின்னி நரம்புபோல் செய்தி கடத்துகின்றன என்று கிரேசு எனும் அறிவியலாளர் கண்டறிகின்றாரே, அத்தகைய உலகில் தனியுடைமை என்னாகும்? பகை என்னாகும்? இவற்றையெல்லாம் படம் தொட்டுவிட்டு ஓடுகின்றது, போர்க்காட்சிக்கு நேரமாகிவிட்டதன்றோ!

முடிவு தெரிந்த கதை என்பதாலேயே ஒரு கதை தாழ்ந்துவிடுமா எனச் சிலர் வினவலாம். தாழாது. விடியவிடியத் தெருக்கூத்தின் முன் அமர்ந்திருப்போர் எவரும் முடிவறியாதவரல்லர். கோவலன் கொலையுண்பதைச் சிலப்பதிகாரத்தின் பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றது. அறிந்த பின்னும் கற்பவர் நெஞ்சம் மதுரைத் தெருவில் நடுங்குகின்றது. என்ன நிகழும் என்பது தெரியும். அந்நிகழ்ச்சிக்குள் ஒரு பெண் என்ன ஆவாள் என்பதே அங்கு வினா. சிலம்பில் முடிவு மாந்தரின் இயல்பிலிருந்து விளைகின்றது. 'அவதார்' படத்திலோ முடிவு முதலில் வைக்கப்பட்டு, மாந்தர் அதற்கேற்ப அளவெடுத்துத் தைக்கப்பட்டுள்ளனர். முன்னதில் தெரிவது ஊழ். பின்னதில் தெரிவது அச்சு.

அவ்வச்சு எத்தகையது? 1990இல் வெளிவந்து ஏழு ஆசுக்கர் விருதுகளைப் பெற்ற 'ஓநாய்களோடு ஆடுபவன்' என்னும் படத்தில், அமெரிக்கப் படைமறவன் ஒருவன் இலகோட்டா மக்களிடையே சென்று அவர்களுள் ஒருவனாகின்றான். 2003இல் வந்த 'கடைசிச் சாமுராய்' என்னும் படத்தில், இன்னோர் அமெரிக்கப் படைமறவன் சப்பானிய மறவரிடையே வாட்கலை கற்று அவர்களோடு நின்று போரிடுகின்றான். 'அவதார்' வெளிவந்த நாளிலேயே இத்தகைய ஒப்புமையைத் திறனாய்வாளர் பலர் சுட்டினர். இடம் மாறும், உடை மாறும், தோலின் நிறம் நீலமாகும். மாறாதது ஒன்றே. வந்தவனே கதையின் நடுவிடம். இருந்தவர் அவனைச் சுற்றும் வட்டம்.

பெரும்பொருள் முதலிட்டவர் புதுவழி செல்ல அஞ்சுவர் என்று இதற்கு விடை சொல்வதுண்டு. அவ்விடை போதாது. அஞ்சியவன் பழைய வழியை நாடுவான். அப்பழைய வழி எப்பொழுதும் இதுவாகவே இருப்பானேன்? நசுக்கப்படும் இனம் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் என்பதை அக்கலைஞர்தம் புனைவாற்றல் ஏற்பதில்லை என்பதே உண்மைக் கரணியம். அவ்வினத்துக்காக அவர்கள் உள்ளபடியே இரங்குகின்றனர். ஆனால் இரக்கத்தின் உச்சியிலும் தலைமையைத் தம் கையிலிருந்து விடுவதில்லை. ஆகவேதான் முடிவு முன்னரே தெரிந்துவிடுகின்றது. கைத்திறனில் குறையில்லை, பார்வையில் குறை.

படமே இதற்குச் சான்று தருகின்றது. பாண்டோராவின் வானை ஆளும் 'தோருக்கு' எனும் கொடும்பறவைமீது ஏறியவர், நாவியரின் முதற்பாடல்கள் தோன்றிய நாள்தொட்டு ஐவரே என்றும், அவருள் ஒருவர் தலைவி நெய்திரியின் பாட்டனுக்குப் பாட்டன் என்றும் அதில் கூறப்படுகின்றது. அங்ஙனமாயின் அப்பறவையை அடக்கும் பெருமை அவள் குடிக்கே உரியது. வில்லிலும் வேட்டையிலும் அவளே சல்லிக்கு ஆசான். எனினும் ஆறாவதாக ஏறுபவன், சில திங்கள் பயிற்சி பெற்ற வந்தேறியே! கற்பித்தவள் கீழே நிற்கக் கற்றவன் மேலே பறக்கின்றான். ஏன் என்று கதை ஒருமுறையேனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால், உண்மையான அறிவியற் புனைவு அங்கேதான் தொடங்கியிருக்கும்.

தமிழர் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் இனித்தான் வருகின்றது. படக்குழுவினர் நாவியருக்கென ஒரு மொழியையே ஆக்கினர். தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலறிஞர் பால் புரோமர், கேமரூன் முன்னரே புனைந்து வைத்திருந்த முப்பதளவு சொற்களை அடியாகக் கொண்டு, ஒலியமைப்பும் சொல்லமைப்பும் தொடரமைப்பும் உடைய மொழியொன்றைப் படைத்தார். படம் வெளிவந்த காலத்தில் அதில் ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் இருந்தன. நாவியர்க்குக் கைக்கு நான்கு விரல்களே ஆதலின், அவர்தம் எண்முறை பத்தையன்றி எட்டை அடியாகக் கொண்டு அமைக்கப்பெற்றது. உடலிலிருந்து எண்ணும், எண்ணிலிருந்து சொல்லும் பிறப்பதைக் காட்டும் இந்நுட்பம் போற்றத்தக்கது. ஓரினத்தைப் படைக்கவேண்டுமாயின் முதலில் அதற்கு மொழி வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

உணர்ந்தும் செய்தது என்ன? இறுதிப் போருக்கு முன் மக்கள் திரண்டு நிற்கும் காட்சியைக் காண்க. சல்லி எழுந்து பேசுகின்றான், ஆங்கிலத்தில் பேசுகின்றான். அக்குடியின் தலைமைக்கு உரியவனாகிய சுதேய் பக்கத்தில் நின்று அதனை மொழிபெயர்க்கின்றான். ஒரு மக்களைப் போருக்கு எழுப்பும் சொல், அவர்களை அழிக்க வந்தவரின் மொழியில் பிறந்து, அவர்தம் தலைவனின் வாய்வழியே பெயர்ப்பாக வந்து சேர்கின்றது! அரும்பாடுபட்டு ஆக்கிய மொழிக்கு, எழுச்சிச் சொல்லை முதலில் சொல்லும் உரிமை கிட்டவில்லை.

2022இல் வந்த இரண்டாம் படத்தில் நிலை இன்னும் ஒருபடி இறங்கியது. நாவி மொழி தன் செவிக்கு இப்பொழுது ஆங்கிலம் போன்றே கேட்கின்றது என்னும் பொருள்படச் சல்லி கூற, அதன்பின் நாவியர் தமக்குள் பேசுவதும் பெரும்பாலும் ஆங்கிலமாகிவிடுகின்றது. காண்போர்க்கு எளிமையாக இருக்கட்டும் என்பது அதற்குரிய விடையாகலாம். எளிமை என்னும் பெயரால்தான் மொழிகள் எங்கும் கைவிடப்படுகின்றன என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. படத்தின் பெயரோ 'அவதாரம்' எனும் வடசொல்லின் திரிபு. தமிழில் தோற்றரவு என்பர். இறங்கி வருதல் என்பது அவ்வடசொல்லின் பொருள். மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தால்தான் கீழிருப்பவர் உய்வர் என்னும் கருத்து, பெயரிலேயே அமைந்துவிட்டது.

குறை கூறுங்கால் நிறையை மறைத்தல் அறமன்று. பெருங்குழுமங்களின் பேராசையை வெளிப்படையாகக் கடிந்த படம் இது. படையெடுத்து வந்தவர் தோற்பதைக் கண்டு உலகோர் கைதட்டி மகிழச் செய்த படம். கொடிய படைத்தலைவனை இறுதியில் அம்பெய்து வீழ்த்துபவளும் நெய்திரியே. நன்று. ஆயினும் நல்ல நோக்கம் நல்ல கதைக்கு ஈடாகாது.

அக்கதையினும் வியப்பான ஒன்று, அதே ஆண்டுகளில், இந்நிலவுலகத்திலேயே நிகழ்ந்தது. ஒடிசா மாநிலத்தில் இராயகடா, களாகண்டி மாவட்டங்களில் பரந்து கிடப்பது நியமகிரி மலை. அங்கு வாழும் தோங்கிரியா கோந்தர், 'நியம ராசா' என்னும் மலையிறைவனை வழிபடுவோர். மலை முகட்டில் அலுமினியம் எடுக்க உதவும் பாக்சைட்டுக் கனிமம் கிடக்கின்றது. மலையடியில் இலாஞ்சிகரில் ஆலை அமைத்த வேதாந்தா குழுமம், அதற்கென மலையைத் தோண்ட முனைந்தது. மக்கள் எதிர்த்தனர். 2010இல், பழங்குடியினர் உரிமைக்கெனப் பாடுபடும் 'சர்வைவல்' அமைப்பு, நாவியர் கதை அங்கு உண்மையாகவே நடக்கின்றது என எடுத்துக்காட்டி, துணைபுரியுமாறு கேமரூனுக்குத் திரையிதழ் வழியே வேண்டுகோள் விடுத்தது.

அம்மக்கள் பேசும் குவி மொழி, தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை எத்தனை தமிழர் அறிவர்? கண்ணைக் 'கன்னு' என்றும் இல்லத்தை 'இல்லு' என்றும் வழங்கும் மொழி அது. புனையப்பெற்ற நாவி மொழியைக் கற்க உலகெங்கும் ஆர்வலர் உளர். உடன்பிறந்த குவியின் பெயரையும் கேட்டறியாத தமிழரோ பலர்.

2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள், இந்திய உச்ச முறைமன்றம், மலையைத் தோண்டுதல் அம்மக்களின் வழிபாட்டுரிமையைத் தாக்குமா என்பதை அவர்தம் ஊரவைகளே (கிராம சபைகளே) ஆய்ந்து முடிவு செய்க எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலை, ஆகத்துத் திங்கள்களில் பன்னிரண்டு சிற்றூர்களில் அவைகள் கூடின. மாவட்ட நடுவர் முன்னிலையில், ஆடவரும் பெண்டிரும் எழுந்து தம் மொழியில் தம் கருத்தை உரைத்தனர். பன்னிரண்டு அவைகளும் ஒன்றுபோலவே 'வேண்டா' என்றன. 2014 சனவரியில் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு இசைவு மறுத்தது. கொடும்பறவை எதுவும் இறங்கி வரவில்லை, வேற்று மறவன் எவனும் முழங்கவில்லை, மலை நின்றது.

வெளியார் துணை இல்லையா எனின், இருந்தது. வழக்குரைஞரும் ஆய்வாளரும் பிறநாட்டு அமைப்பினரும் உடனின்றனர். துணை நிற்றல் வேறு; தலைமை பறித்தல் வேறு. முடிவுச்சொல் அம்மலையில் பிறந்தவர் வாயிலிருந்தே வந்தது. அங்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது வெளியிலிருந்து வந்த அலுவலர்க்கே.

இத்தகைய படங்களைத் தமிழிளைஞர் காணவேண்டா என்பதன்று கருத்து. காண்க, இரண்டு வினாக்களோடு காண்க: இக்கதையில் பேசுபவர் யார்? மொழிபெயர்ப்பவர் யார்? இறங்கி வருபவனுக்காக ஏங்கும் கதைகளையே கேட்டுப் பழகிய இனம், தன் வாழ்விலும் அங்ஙனமே காத்துக் கிடக்கும். தமிழில் அறிவியற் புனைவு எழுதப் புகுவோரும் அவ்வச்சில் தமிழ்ப்பெயர் மாந்தரை வார்த்தெடுப்பதோடு நின்றுவிட வேண்டா. பன்னிரண்டு சிற்றூர்கள் சொன்ன 'வேண்டா' என்னும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குக. அக்கதையின் முடிவு எவருக்கும் முன்கூட்டித் தெரியாது.