சுமை எண் எங்கே?

பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்று அலாய் வீல் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது எடையைத்தான். ‘கம்பெனி வீலைவிட மூணு கிலோ கம்மி சார்.’ விளம்பரத்திலும் எடை. இணையக் கடையிலும் எடை. அந்தச் சக்கரம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே விற்பனை நடக்கிறது. இது குற்றம்.

சக்கரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆரங்களின் பின்புறம் விட்டம், அகலம், ஆஃப்செட், போல்ட் வட்டத்தின் அளவு எல்லாம் பொறித்திருக்கும். முறையான தயாரிப்பில் அதிகபட்சச் சுமையும் கிலோவில் இருக்கும். நகல் சக்கரங்களில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. சிலவற்றில் ஜப்பானின் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். எழுத்துகள் மட்டும் உண்டு. அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் குறி. தனி அமைப்பிடம் சோதித்துப் பதிவு செய்ததைச் சொல்வது வி.ஐ.ஏ. குறி. வார்ப்பச்சில் மூன்று எழுத்தை வெட்ட யாராலும் முடியும்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதை விற்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். டயர் மாட்டிய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்துப் பொருத்தி, 230 மி.மீ. உயரத்திலிருந்து அதன் விளிம்பின்மேல் ஓர் எடையைப் போடுகிறார்கள். 500 கிலோ சுமைக்கு உரிய சக்கரம் என்றால் விழும் எடை 480 கிலோ. நடுப்பகுதி பிளக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுதும் இறங்கிவிடக் கூடாது. விழும் எடையைக் கணக்கிடுவதே சக்கரத்தின் சுமை எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணே இல்லாத சக்கரத்தை எந்த எடையைப் போட்டுச் சோதித்தீர்கள்? இறக்குமதி செய்தவர் சொல்லட்டும். விற்றவர் சொல்லட்டும்.

எடை குறைந்தால் கார் சுறுசுறுப்பாக ஓடும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். அதில் தகராறு இல்லை. அந்த எடை எங்கிருந்து குறைந்தது என்பதே கேள்வி. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டி.இ.37 அடித்து உருவாக்கப்பட்ட அலுமினியச் சக்கரம். 15 அங்குல அளவில் 3.7 கிலோதான் இருந்தது. பெயரில் உள்ள 37 அந்த எடையைக் குறிக்கிறது. உலோகத்தைப் பெரும் அழுத்தத்தில் நெருக்கியதால் கிடைத்த வலு அது. அதே ஆறு ஆரத் தோற்றத்தைச் சாதாரண வார்ப்பில் எடுத்து, எடையையும் அதற்கு இணையாகக் காட்ட வேண்டுமென்றால் ஒரே வழி, உலோகத்தைச் சுரண்டுவது. ஆரம் மெலிகிறது. உட்புறச் சுவர் மெலிகிறது. வார்ப்புக்குள் காற்றுக் குழிகள் இருந்தால் மேலே பூசிய பளபளப்பு அவற்றை மூடிவிடுகிறது.

இத்தகைய சக்கரத்தை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலுக்கோ செட்டிப்பாளையம் திடலுக்கோ கொண்டுபோனால் என்ன ஆகும்? ஒட்டிப்பிடிக்கும் டயரோடு வேகமாக வளையும்போது காரின் பாரத்தில் பெரும்பங்கு வெளிப்பக்க முன்சக்கரத்தில் இறங்குகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வோர் ஆரமும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. பிரேக் தட்டின் கொதிப்பு வேறு. ஓரக் கட்டையில் ஏறி இறங்கும் அடி வேறு. விரிசல் ஆரத்தின் பின்புறத்திலோ உட்சுவரிலோ பிறக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

சொந்தக் காரைத் திடலில் ஓட்டவிடும் ட்ராக் டே நடத்துபவர்கள் ஹெல்மெட்டைப் பார்க்கிறார்கள். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பவர் எத்தனை பேர்? நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ‘என் பொறுப்பில் ஓட்டுகிறேன்’ என்று கையெழுத்தும் வாங்கிவிட்டால் கடமை முடிந்ததா? உடைந்த சக்கரம் ஓட்டுநரோடு நிற்காது. பின்னால் வருபவர் கையெழுத்துப் போட்டது அடுத்தவர் சக்கரத்துக்காக அல்ல. கொடி பிடித்து வளைவில் நிற்கும் மார்ஷல் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

பட்டறைகளும் தப்ப முடியாது. விரிசல் விட்ட அலாய் வீலுக்கு வெல்டிங் வைத்து, பவுடர் கோட்டிங் அடித்து, புதிது போலத் திருப்பித் தருகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் ஆலையில் வெப்பப் பதம் கொடுத்து ஏற்றிய வலு போய்விடுகிறது. மேல்பூச்சு அந்த இடத்தை மறைக்கிறது. தெரிந்தே செய்யும் மறைப்பு இது.

விதி இல்லாமல் இல்லை. சக்கரங்களுக்கென்று தரநிலை இருக்கிறது. வாகனச் சக்கர ரிம்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இலேயே பிறப்பித்தது. ஆணையைப் பிறப்பித்தவர்கள் கடைகளுக்கு வந்து பார்க்க வேண்டும். சுமை எண்ணும் தரமுத்திரையும் இல்லாத சரக்கைப் பறிமுதல் செய்ய வேண்டும். எந்த நாட்டிலிருந்து, யார் பெயரில் இறங்கியது என்று விசாரிக்க வேண்டும். இறக்குமதியாளர்கள் ஏற்கெனவே விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும்.

திடல் அமைப்பாளர்கள் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ட்ராக் டே முதலே நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பின்புறம் பார்க்க வேண்டும். காரின் அச்சுச் சுமைக்கு ஈடுகொடுக்கும் எண் இல்லையென்றால், வெல்டிங் வைத்த தடம் தெரிந்தால், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காரை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.