புகையும் அமானிதமும்

சென்னை–திருத்தணி நெடுஞ்சாலையில் வேப்பம்பட்டைக் கடக்கும் லாரிகளுள் சில, இன்ஜின் வேலை முடிந்த பின்னரும் புகை கக்கிச் செல்கின்றன. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று கூறி வண்டியை ஒப்படைத்தல் முறையாகுமா?

புகையின் நிறமே பழுதைச் சொல்லும். கறுப்புப் புகை, காற்றின் அளவை மிஞ்சி டீசல் பாய்வதன் அடையாளம். ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். புதிய பிஸ்டன் ரிங்குகள் படியும் வரை சிறிது நீலம் தோன்றலாம். நாளுக்கு நாள் குறையாவிடில் பழுது எஞ்சியுள்ளது. இன்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால், பம்ப் டைமிங் பிசகியிருக்கலாம், அல்லது கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. சாலையோரக் குழந்தைகள் அதையே சுவாசிக்கின்றனர்.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். எஞ்சிய பழுதை மறைத்தலும் அத்தகையதே. வண்டி, மெக்கானிக்கிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உள்ளதை உள்ளபடி உரைத்தலே ஹலாலான கூலிக்கு அழகு. உரிமையாளரும் செலவுக்கு அஞ்சி, சோதனையின்றிக் கிடைக்கும் புகைச் சான்றிதழைத் தேடுதல் தகாது.