வாகனப் பக்கம்: கேளாமலே பீய்ச்சும் தண்ணீர்



ஐரோப்பியக் கார்களைப் பழையதாக வாங்கி ஓட்டும் நம் சகோதரர்கள், குறிப்பாக வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் வாழ்வோர், அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. முன்கண்ணாடியில் படிந்த தூசியைக் கழுவ ஸ்டியரிங் அருகிலுள்ள கைப்பிடியை இழுத்தால், கேளாமலேயே முகப்பு விளக்குகளின் மீதும் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. பானட் நனைகிறது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரரும் நனைகிறார். நிரப்பிய தொட்டியோ சில நாட்களிலேயே வறண்டு போகிறது. இந்தத் தொல்லை எதற்கு, இதை நிறுத்திவிடலாமா என்பதே அவர்களது கேள்வி.

இந்த ஏற்பாடு பிறந்த இடத்தை முதலில் அறிய வேண்டும். ஸ்வீடன் போன்ற வடநாடுகளில் குளிர்காலச் சாலைகளில் பனி உருகுவதற்காக உப்பு தூவுவார்கள். முன்னே செல்லும் வண்டியின் சக்கரங்கள் வாரியிறைக்கும் உப்புச்சேறு, சிறிது தூரம் செல்வதற்குள் விளக்கை மூடிவிடும். ஆகவே 1970களிலேயே அங்குள்ள கார்களில் முகப்பு விளக்குகளுக்கும் சிறிய வைப்பர்கள் பொருத்தப்பட்டன. பின்னர் விளக்கின் முகப்பு கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிளாஸ்டிக் எளிதில் கீறல் படும் என்பதால், வைப்பரின் இடத்தை வேகமாகப் பீய்ச்சும் நீர்க்குழாய்கள் பிடித்துக்கொண்டன.

செனான் விளக்கு வந்தபின் இது சட்டமாகவும் ஆயிற்று. சாதாரண ஹாலஜன் பல்பு ஏறத்தாழ 1000 முதல் 1500 லூமன் ஒளி தரும். செனான் பல்பு 3200 லூமன் வரை தருவது. தாழ்ந்த ஒளிக்கான பல்பு 2000 லூமனைத் தாண்டினால் விளக்கைக் கழுவும் அமைப்பு இருந்தே தீர வேண்டும் என்பது ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐ.நா. விதி. காரணம் எளியது. அழுக்கடைந்த விளக்கு நமக்கு ஒளியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கீழ்நோக்கிச் செல்ல வேண்டிய ஒளியை அழுக்குத் துகள்கள் மேல்நோக்கிச் சிதறடிக்கின்றன. அது எதிரே வருபவரின் கண்ணில் போய் விழுகிறது. நமக்குத் தொல்லையாகத் தெரிவது, எதிரே வரும் முகமறியாத ஒருவருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது! பிற்காலத்தில் 2000 லூமனுக்குள் அடங்கும் செனான், எல்.இ.டி. விளக்குகள் வந்ததால், பல புதிய கார்களில் இந்தக் குழாய்களே இல்லை.

இனி, தொல்லையைக் குறைக்கும் வழிக்கு வருவோம். பெரும்பாலான கார்களில், தாழ்ந்த ஒளி எரியும்போது மட்டுமே விளக்குக் குழாய் வேலை செய்யும். எனவே பகலில் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தால் முன்கண்ணாடிக்கு மட்டும் நீர் வரும். இரவில் இதற்காக விளக்கை அணைப்பது அறிவீனம். சில கார்களில் கைப்பிடியை நீண்ட நேரம் பிடித்திருந்தால்தான் விளக்குக்கு நீர் பாயும். அவற்றில் சுருக்கமாக இழுத்து விட்டால் போதும். வேறு சிலவற்றில் முதல் முறையும், பின்னர் ஒவ்வோர் ஐந்தாம் முறையும் பாயும். உங்கள் வண்டி எவ்வகை என்பது அதன் கையேட்டில் இருக்கும். (கையேட்டைத் திறந்தே பாராமல் வண்டியை விற்றுவிடுவோர் நம்மில் எத்தனை பேர்!)

பல கார்களில் விளக்குக் கழுவும் பம்புக்குத் தனி ஃபியூஸ் உண்டு. அதைக் கழற்றினால் தொல்லை ஒழியும் என்று மெக்கானிக் கூறுவார், ஒழியவும் செய்யும். ஆனால் இங்கிலாந்தில் வாழ்வோர் இதைச் செய்யலாகாது. செனான் விளக்குள்ள வண்டிகளில் இக்குழாய் இயங்குகிறதா என்று அங்கு ஆண்டுச் சோதனையில் பார்க்கிறார்கள். உப்பும் சேறும் இல்லாத நாட்டில், உள்ளூர்ச் சட்டம் தடுக்காவிடில், நான் ஃபியூஸைக் கழற்றுவதைக் குறை கூறமாட்டேன்; ஆனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஈரத்துணியால் விளக்கைத் துடைக்கும் பொறுப்பு அதன்பின் ஓட்டுபவருடையது. விளக்கைக் கையால் துடைக்கலாம். ஓடும் வண்டியின் முன்கண்ணாடியை அவ்வாறு துடைக்க இயலாது. ஆகவே தொட்டியிலுள்ள நீரில் முன்னுரிமை முன்கண்ணாடிக்கே. சில ஸ்வீடன் கார்களில், தொட்டியில் நீர் குறைந்ததும் விளக்குக்குப் போகும் பங்கு தானாகவே நின்றுவிடும்.

பாலைவனத்தில் இது மிக முக்கியம். மணல் தூசி படிந்த கண்ணாடியில் நீரின்றி வைப்பரை ஓட்டினால், மணல் கண்ணாடியைக் கீறிவிடும். பகலில் அக்கீறல் கண்ணுக்குப் படாது. இரவில் எதிர் விளக்கு பட்டதும் ஒவ்வொரு கீறலும் ஒளிக்கோடாக எழுந்து பாதையை மறைக்கும். முதலில் நீர், பிறகுதான் வைப்பர். நீர் கண்ணாடியைத் தாண்டிக் கூரைமேல் போகிறதென்றால், பல கார்களில் நீர்த்துளையிலுள்ள சிறு உருண்டையை மெல்லிய ஊசியால் நகர்த்தித் திசையைச் சரிசெய்யலாம். துளை அடைபடுவதற்கு நம் ஊரில் பெரும்பாலும் போர்வெல் நீரின் உப்பே காரணம். துணி சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றுவதும் கூடாது. அது நுரைத்து, உலர்ந்து, துளையை அடைத்து, கண்ணாடியில் படலமாகவும் நிற்கும்.

வெறும் தண்ணீரே போதுமே என்போர்க்கு ஒரு செய்தி. லெஜியோனெல்லா என்னும் கிருமி நுரையீரலைத் தாக்கிக் கடும் நிமோனியாவை உண்டாக்குவது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் அது பெருகும். நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசிப்பதால் பரவும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, வாஷர் தொட்டியில் கழுவு திரவம் சேர்க்காமல் வெறும் நீர் ஊற்றுவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. வெயில் மிகுந்த அமெரிக்க அரிசோனாவில் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் நீரிலும் பின்னர் இக்கிருமி காணப்பட்டது. முதியோரும் புகைப்பழக்கமுள்ளோரும் இந்நோய்க்கு எளிதில் ஆளாவர். கடையில் விற்கும் கழுவு திரவத்தைக் குறித்த அளவில் கலப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது.

ஆனால் அந்தப் புட்டியை வைக்குமிடத்தில் கவனம் தேவை. குளிர்நாடுகளில் விற்கும் சில திரவங்களில் மெத்தனால் கலந்திருக்கும். சிறிதளவு குடித்தாலும் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் போக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் இதை 0.6 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம் குடும்பத்தார் இப்புட்டியின் மேற்சீட்டைப் படித்தே வாங்க வேண்டும். நீலநிறமாக இருப்பதால் குழந்தைகள் சர்பத் என்று எண்ணிவிடக்கூடும். மீதியைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய புட்டியிலேயே, அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில், மூடியை இறுக்கி வையுங்கள்.