மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடும் சிகிச்சை

பாந்த்ரா–குர்லா வளாகத்தில் வங்கிகளின், பெருநிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் வானுயர நிற்கின்றன. அதே குர்லாவில், ரயில் நிலையத்தின் அருகிலும் மேம்பாலங்களின் அடியிலும் முதிய பெண்கள் தார்ப்பாயை விரித்து உறங்குகின்றனர். தமிழகத்து ரயில்கள் வந்து சேரும் லோகமான்ய திலக் முனையமும் இங்குதான் உள்ளது. பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து, வீட்டு வேலையிலும் குப்பை பொறுக்குவதிலும் உழைத்துத் தேய்ந்த பெண்களுக்கு, முதுமையில் மிஞ்சுவது பல நேரங்களில் நடைபாதை மட்டுமே.

இவர்களது நோய்க்கு மருத்துவமனை மட்டும் மருந்தாகாது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் சொட்டு மருந்து இட வேண்டும். தூசியும் அழுக்கு நீரும் கண்ணில் படலாகாது. தெருவில் இது இயலுமா? இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க எங்கே போவது? பொதுக் கழிப்பிடங்களில் சிறுநீர் கழிக்க ஆண்களுக்குக் கட்டணமில்லை, பெண்களுக்கு உண்டு என்ற பாகுபாட்டை எதிர்த்து மும்பையில் 2011இல் பெண்கள் இயக்கம் தொடங்கினர். காசுக்கும் இருளுக்கும் அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் மூதாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று வருவதில் வியப்பென்ன? மழைக்காலத்தில் மித்தி ஆறு பெருகும்போது குர்லாவின் தாழ்வான தெருக்களில் தேங்கும் நீர், எலிக்காய்ச்சலையும் கொண்டு வருகிறது.

ஆகவே, இவர்களுக்குத் தங்குமிடமே முதல் சிகிச்சை. இது கருணை சார்ந்த கோரிக்கை அன்று. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என 2010இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மும்பையின் மக்கள்தொகை 1.24 கோடி. அதாவது, 120க்கும் மேற்பட்ட காப்பகங்கள் வேண்டும். நாட்டின் செல்வம் மிக்க மாநகராட்சி இந்த எண்ணிக்கையை நெருங்கியதே இல்லை. பணப் பற்றாக்குறை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. மனைக்கு விலை வைக்கும் ஆட்சிமுறையில், உழைக்கும் வலுவிழந்த பெண்ணுக்கு ஒரு கட்டிலின் இடம்கூட ஒதுக்கப்படுவதில்லை என்பதே உண்மை.

ஓய்வூதியத்தின் கதையும் இதுவே. மகாராஷ்டிர அரசின் ஷ்ராவண்பாள் திட்டத்தில் சேர 15 ஆண்டுகள் மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று வேண்டும். முகவரியே இல்லாதவர் எதைக் காட்டுவார்? 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கோ, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மாதம் 200 ரூபாயிலேயே நிற்கிறது.

சிகிச்சை முடிந்து வெளிவரும் முதியோர் தங்கித் தேறுவதற்கான படுக்கைகளுடன் பெண்கள் காப்பகம் ஒன்றைக் குர்லாவில் மாநகராட்சி உடனே திறக்க வேண்டும். அக்காப்பகத்தின் முகவரியையே ஓய்வூதியத்திற்கும் ரேஷன் அட்டைக்கும் சான்றாக ஏற்க வேண்டும். கழிப்பிடக் கட்டணத்தை நீக்க வேண்டும். ஒன்றிய அரசு தன் பங்கை விலைவாசிக்கேற்ப உயர்த்த வேண்டும். இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாதர் இயக்கங்களும் வார்டு அலுவலகங்களின் வாசலுக்கு எடுத்துச் செல்வது இன்றைய கடமையாகும்.