இரண்டு நிமிட வேலை

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு நான்கு எக்செல் ஃபைல்கள் வந்தன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், ஊருக்கு ஒன்று. உறுப்பினர் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், வாரிசு பெயர் என்று கலங்கள். நான்கையும் ஒன்றாக்கித் தரும் பொறுப்பு, பழைய குமாஸ்தா என்பதால் என் தலையில் விழுந்தது. "ரெண்டு நிமிஷ வேலை தாத்தா" என்றான் பேரன். பொய்யில்லை, அதற்கு முன்னாலேயே முடித்துவிட்டான். ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினான். பெயர், பிறந்த தேதி இரண்டையும் மட்டும் டிக் செய்து, 'டூப்ளிகேட்' நீக்கும் பொத்தானை அழுத்தினான். பதினொரு வரிகள் நீங்கின என்று திரை சொன்னது. யார் யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பலே என்று முதுகில் தட்டிக்கொடுத்துச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துக் காரைக்காலிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். "ஐயா, எங்க வீட்டுக்காரர் தவறி நாப்பது நாளாச்சு. சங்கத்துல ஈமக்கிரியைப் பணம் கேட்டா லிஸ்ட்டுல பேரே இல்லேங்கறாங்க. கடைசி மாசம் வரைக்கும் சந்தா கட்டினாரே ஐயா."

தேடிப் பார்த்தேன். அதே பெயரில், அதே பிறந்த தேதியில் புதுச்சேரியிலும் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை; நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் முருகன் பெயர்தான். தேதி ஜூன் 1. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாயில் வந்ததை எழுதினாரே, அந்த ஜூன் 1. எங்கள் வயதில் பாதிப் பேர் ஜூனில் பிறந்த மர்மம் உங்களுக்கும் தெரியும். எக்செல் இரண்டில் மேலே உள்ளதை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை நீக்கும். நாங்கள் புதுச்சேரி ஃபைலை மேலே ஒட்டியிருந்தோம். ஆக, போனவர் காரைக்கால்காரர். எப்போதும் தங்களைத்தான் கழித்துவிடுகிறோம் என்று காரைக்கால் நண்பர்கள் சொல்லும்போது இனிமேல் நான் வாதாட மாட்டேன்.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்திருந்தது. காரைக்காலில் சேர்ந்து, பிறகு மாற்றலாகிப் புதுச்சேரியில் குடியேறிய ஒருவர் இரண்டு ஃபைலிலும் இருந்தார். ஒன்றில் ராஜுவை ஆர்-ஏ-ஜே-யூ என்று அடித்திருந்தார்கள். மற்றதில் பிரெஞ்சுக்காரன் எழுதியபடி ஆர்-ஏ-டி-ஜே-ஓ-யூ. பிரெஞ்சில் படித்த எனக்கு அந்த 'ஓ-யூ'வைக் கண்டால் வாய் தானாக 'உ' என்னும். பேரன் 'ராட்ஜோ' என்று படித்தான். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு மனிதர்கள். அங்கே இரண்டு மனிதர்களை ஒருவராக்கிய அதே இயந்திரம், இங்கே ஒருவரை இரண்டாக்கியது.

மாஹேக்காரர்கள் வீட்டுப் பெயரை முதலெழுத்தாக வைப்பார்கள். ஏனாமில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். நாம் அப்பாவின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வோம். பழைய பிரெஞ்சுப் பதிவுகளில் குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி. இத்தனையும் 'பெயர்' என்ற ஒரே கலத்துக்குள்.

தேதி இன்னும் மோசம். 05/08/1949 நமக்கு ஆகஸ்ட் 5. அமெரிக்க முறையில் அமைத்த கம்ப்யூட்டருக்கு மே 8. 25/08 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்று அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. ஒரே ஃபைலில் பாதி தேதி மாறியும் பாதி மாறாமலும் கிடக்கும். கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். பெரிய இடங்களும் தப்பவில்லை. 2020-ல் இங்கிலாந்தில், ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் ஃபைலில் சேர்த்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 15,841 நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள்.

லெட்ஜர் காலத்தில் நாங்கள் பெரிய மேதைகள் இல்லை. ஆனால் எந்தப் பதிவையும் புதுப் புத்தகத்துக்குக் கொண்டுபோகும்போது பழைய பக்க எண்ணை ஓரத்தில் எழுதுவோம். அடித்தாலும் சிவப்பு மையில் ஒரு கோடுதான். கீழே இருப்பது படிக்கத் தெரியும். சேர்ப்பது என்பது எழுத்து வேலை இல்லை, தீர்ப்பு சொல்லும் வேலை. அதைப் பொத்தானிடம் விடக்கூடாது என்பது என் கட்சி. எல்லோருக்கும் ஒரே எண் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்கிறார் ஒரு நண்பர். அந்த எண் முன்பே இருக்கிறதே, பென்ஷன் ஆணை எண்! நான்கில் இரண்டு ஃபைலில் அதற்குக் கலமே போடவில்லை.

பேரனும் நானும் திரும்ப உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரிக்கும் எந்த ஊர் ஃபைல், எத்தனையாவது வரி என்று இரண்டு கலம் சேர்த்தோம். நான்கு ஃபைலின் வரிகளைக் கூட்டி, ஒட்டியதன் எண்ணிக்கையோடு சரிபார்த்தோம். பதினொரு பேருக்கும் அவனே போன் செய்தான். இரண்டு நிமிட வேலை மூன்று நாள் ஆயிற்று. ஏழு பேர் உண்மையிலேயே இரட்டைப் பதிவு. மூன்று பேர் வேறு வேறு ஆட்கள். அந்த அம்மாளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. மன்னிப்பை நானே நேரில் போய்க் கேட்டு வந்தேன். பதினோராவது ஆளின் எண் அணைந்தே கிடக்கிறது. அவர் வரியை நீக்காமல் மஞ்சள் பூசி வைத்திருக்கிறோம்.