கோடீசுவரனுக்குத் தள்ளுபடி! கூலிக்காரனுக்கு ஜப்தி!

உப்பளமும் வயலுமாக இருந்த கேளம்பாக்கத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. சிறுசேரி சிப்காட் வந்தது. மனை விலை ஏறிற்று. ஏறிய மனையை ஈடாகப் பிடித்துக்கொள்ளக் கடன் கம்பெனிகளும் வந்தன. கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த உழைப்பாளி, மூன்று மாதத் தவணை தவறினால் 'வாராக்கடன்' பட்டியலில் ஏறிவிடுகிறான். வீடு தேடி நோட்டீஸ் வருகிறது.

அப்போது தரகர் ஆலோசனை சொல்கிறார்: "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு, வீடு தப்பும்!"

தோழர்களே, இதை நம்பாதீர்கள்!

மஞ்சள் கடுதாசி என்பது 1920-ம் வருஷத்து மாகாண இன்சால்வென்சி சட்டம். கைக்கடன், நோட்டுக்கடன் நெருக்கடியில் அது ஓரளவு மூச்சுவிட இடம் தரும். ஆனால் அதே சட்டத்தின் 28-வது பிரிவு, ஈடு பெற்றவன் ஈட்டுச் சொத்தை விற்றுக்கொள்ளும் உரிமையைத் தொடவில்லை. அடகு வைத்த வீட்டை மஞ்சள் கடுதாசி காக்காது. பயந்துபோய்ச் சொத்தை மைத்துனன் பெயருக்கு எழுதினாலோ, மோசடிக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு.

அடகு வைக்காத வீட்டுக்கு வேறு காவல் இருக்கிறது. உழவனும் கூலித் தொழிலாளியும் வீட்டுவேலை செய்பவரும் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சாதாரணக் கடன் டிக்ரிக்காக ஜப்தி செய்யக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு. இதைத் தெரிந்துதான் கடன் கம்பெனி முதலிலேயே பத்திரத்தைக் கேட்கிறது!

பத்திரம் கைமாறியதும் 2002-ம் வருஷத்து சர்ஃபாசி சட்டம் பாய்கிறது. கோர்ட்டில் வழக்குப் போடாமலே, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வீட்டைக் கைப்பற்றி ஏலம் போடலாம். சிவில் கோர்ட்டின் கதவும் நமக்கு அடைபடுகிறது.

பணக்காரனுக்கு எப்படி? அவனுக்கு 2016-ல் புதிய திவால் சட்டமே செய்து கொடுத்தார்கள். அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளிக் கம்பெனி கொடுக்க வேண்டியது சுமார் 29,500 கோடி ரூபாய். 2019-ல் சுமார் 5,050 கோடிக்குக் கணக்குத் தீர்ந்தது. கம்பெனி ரிலையன்ஸ் கைக்குப் போயிற்று. மிச்சம் பாங்குகளின் நஷ்டம். அதாவது மக்கள் போட்ட பணம்!

ஏழைக்கும் அதே சட்டத்தில் ஓர் அத்தியாயம் எழுதினார்கள். வருஷ வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருந்தால் விடுதலை கேட்கலாமாம். சொந்த வீடு இருந்தால் அதுவும் கிடையாது! இந்த அற்ப சலுகையைக்கூட அமலுக்குக் கொண்டுவரவில்லை. 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். சட்டம் யாருக்காக என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள். அசல், வட்டி, அபராதம் என்று கணக்குக் கேட்டு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். 15 நாளில் பதில் சொல்வது அவர்கள் கடமை. பாக்கி ஒரு லட்சத்தைத் தாண்டாவிட்டாலும், அசல் வட்டியில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் சர்ஃபாசி செல்லாது. உழவு நடக்கும் விவசாய நிலத்தையும் அது தொடக் கூடாது. வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் சென்னையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் இலவச சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள். தனியாகப் போகாமல் சங்கத்தோடு போங்கள்.

நாம் கோருவது பிச்சையல்ல. 1938-ல் சென்னை மாகாணம் விவசாயிகளின் கடன் சுமையைச் சட்டம் போட்டுக் குறைத்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

குடியிருக்கும் ஒற்றை வீட்டை ஏலம் போடாதே! ஏழையின் திவால் அத்தியாயத்தை, வீட்டுக்குப் பாதுகாப்புடன் திருத்தி அமல் செய்! முதலாளிக்குக் கழித்த கணக்கைத் தொழிலாளிக்கும் கழி!

இந்தக் கோரிக்கைகளை ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் பேசுவோம். ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால் தெருவே திரளட்டும்!