ஆமையா, முயலா?

மலையில் சைக்கிள் வாங்கினால் பாதி தூரம் அது நம்மைச் சுமக்கும், மீதி தூரம் நாம் அதைத் தள்ள வேண்டும். இந்தக் கணக்கை மாற்றியவர்கள் 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' ஆசாமிகள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறார்கள். ஆனால், அவர்கள் தார் ரோட்டுக்காரர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கப்பி ரோட்டில் மவுன்டன் பைக்கில் இறங்கும் பையன்களின் கவலை வேறு.

"அண்ணே, முன்னாடி ஷாக் கல்லு மாதிரி இருக்கு. காத்தைக் கொஞ்சம் இறக்கிடவா?"

அவசரப்படாதே தம்பி! குற்றவாளி காற்றாக இல்லாமல் ரீபவுண்டாக இருக்கலாம்.

கல்லில் ஏறினால் ஃபோர்க் அமுங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றோ ஸ்பிரிங்கோ அதைத் திரும்ப நிமிர்த்துகிறது. நிமிரும் வேகத்தை அடக்குவது, சின்னத் துவாரத்தில் புகுந்து வரும் எண்ணெய். ஆபீஸ் கதவின் தலையில் 'டோர் க்ளோசர்' இருக்கிறதே, அதே சமாச்சாரம். திருகு லூசானால் கதவு படாரென்று அறையும். டைட்டானால் மேனேஜர் போய்ச் சேர்ந்த பிறகும் மூடிக்கொண்டே இருக்கும்.

பல ஃபோர்க்குகளில் வலது காலின் அடியில் ஒரு சிவப்புத் திருகு உண்டு. ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல். முயல் அதிகமானால் ஹேண்டில் பார் கையை உதறும், வளைவில் முன் டயர் தரையை விட்டுத் துள்ளும். இது சுலபமாகத் தெரிந்துவிடும்.

ஆமைதான் வேஷதாரி. முதல் இரண்டு கல்லுக்கு மெத்தை மாதிரி இருக்கும். ஃபோர்க் நிமிர்வதற்குள் மூன்றாவது கல் வந்துவிடும், பிறகு நாலாவது. அமுங்கி அமுங்கி, கடைசியில் அமுங்க இடமே இல்லை. மணிக்கட்டு கடுக்கிறது. 'கல்லு மாதிரி' என்று காற்றை இறக்கினால் இன்னும் தாழும். இறக்கத்தில் முன்பக்கம் தாழ்ந்தால் உடம்பின் பாரம் ஹேண்டிலுக்குப் போகும். ஒரு பிரேக் பிடித்தால் போதும், குட்டிக்கரணம்தான்!

வைத்தியம் இதுதான். முதலில் காற்று. சவாரி உடையோடு ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் தன் மொத்த ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அடுத்து, திருகை ஆமைப் பக்கம் முழுதும் மூடி, அங்கிருந்து க்ளிக்குகளை எண்ணிக்கொண்டே திறந்து நடுவில் நிறுத்துங்கள். ஒரே பாதையில், ஒரே வேகத்தில் இறங்கிப் பாருங்கள். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு க்ளிக் போதும். எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஜனவரிக் காலையில் ஊட்டியில் தேங்காய் எண்ணெய் உறைகிற குளிரில் ஃபோர்க் எண்ணெயும் தடித்து ஆமையாகிவிடும். அதே வண்டி மதியம் மேட்டுப்பாளையம் வெயிலில் துள்ளும். எனவே ஒரு க்ளிக் இப்படி அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம்.

திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் வித்தியாசமே தெரியவில்லையா? உள்ளே எண்ணெய் ஒழுகியிருக்கலாம், எண்ணெயில் காற்று கலந்திருக்கலாம், சீல் தேய்ந்திருக்கலாம். பிரித்துப் பார்க்கிற கடைக்குப் போங்கள். மலிவு ஃபோர்க் என்றால் ரீபவுண்ட் திருகே இருக்காது. தலையில் இருப்பது, ஏற்றத்தில் ஃபோர்க் ஆடாமல் பூட்டி வைக்கும் லாக்-அவுட். அதைத் திருகித் திருகி ரீபவுண்ட் தேடுவது, ரேடியோவில் படம் தேடுவது மாதிரி.

கிளம்பும் முன் பிரேக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதில் ஆமை, முயல் படமெல்லாம் கிடையாது.